பெரிய லென்ஸ் மட்டும் போதும் என்றேன்

எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் போகும், வாய் பிறகுதான் வரும். தூத்துக்குடியில் இருபது வருடமாகக் கல்யாணமும், மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கிற புதுநன்மையும் படம் எடுத்துப் பிழைக்கிறவன் இப்படி இருக்கக் கூடாதுதான். ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில் என் லென்ஸுக்கு முன்னால் கைபேசியை நீட்டிய மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பிடித்துத் தள்ளினேன். மனுஷர் பூச்சாடியோடு போய் விழுந்தார். பந்தியில் எனக்கு இலை போடாமல் அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். இப்போது சொல்ல வந்தது அப்படிப்பட்டதில்லை.

தருவைகுளத்துக்கும் வடக்கே ஒரு கடற்கரை ஊரில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தானுக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு. அந்த வருடம் மட்டும் மூன்று தடவை அவருடைய வலையை விசைப்படகுக்காரர்கள் அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் கடலில் வலையைப் பரப்பிவிட்டுக் காத்திருப்பார். விசைப்படகு தன் மடி வலையைக் கடலின் அடித்தரையோடு இழுத்துக்கொண்டு வரும். எதிரில் கிடப்பது யாருடைய வலை என்று பார்க்காது. காலையில் போனால் மிதவை மட்டும் மிதக்கும். மூன்றாவது தடவை அத்தான் கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்து அழுதார் என்று அக்கா போனில் சொன்னாள். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த நாள் அத்தானே கூப்பிட்டார்.

"ஏலே மாப்ள, உன் பறவை லென்ஸ எடுத்துட்டு வா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. போட்டு நம்பர் தெரியணும், ஓட்டுதவன் மூஞ்சி தெரியணும். அவ்வளவுதான் எனக்கு."

பறவை லென்ஸ் என்று அவர் சொன்னது என்னுடைய நூற்றைம்பது அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸை. உப்பளத்துக்குப் பூநாரை வரும்போது எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியது. தூக்கிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். அரை மைலுக்கு அப்பால் நிற்கிற பறவையின் கண்ணைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். கல்யாண வீட்டில் அதற்கு வேலையே கிடையாது. வருடத்தில் பாதி நாள் பீரோவுக்குள் சும்மா கிடக்கும்.

புறப்படுகிற அன்று சாயங்காலம் கட்டிலில் ஐந்து லென்ஸையும் பரப்பிவைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, முன்னும் பின்னும் பார்த்து, திரும்ப வைத்தேன். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மணி நேரம் போகும். என் மனைவி சாத்தான்குளத்துக்காரி, பள்ளிக்கூட வாத்திச்சி. நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் பயணத்துக்கு இப்படிக் கடை பரப்பியிருக்கிய. உங்கள விட எங்க அம்மா சீக்கிரம் சேலை எடுத்துருவா."

"நீ தாளைத் திருத்துளா."

முப்பத்தைந்தையும் ஐம்பதையும் முதலிலேயே ஓரம் கட்டினேன். எழுபது இருநூறும் வேண்டாம். மிச்சம் இருந்தது பெரியதும், எல்லாவற்றுக்கும் தோதான இருபத்துநான்கு எழுபதும். அந்தச் சின்னதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். படகில் லென்ஸ் மாற்ற முடியாது. மாற்றுகிற நேரத்தில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போனால் கேமரா முடிந்தது. திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டத்தில் அலை அடித்து ஒரு நல்ல லென்ஸ் உள்ளுக்குள் உப்புப் பூத்துச் செத்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் கரையில் எடுக்கலாமே என்று ஒரு மனம் சொன்னது.

"அந்தச் சின்னதையும் வைங்க" என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாத்தையும் இழுத்து இழுத்துக் கிட்டக் காட்டுனா எது எங்கன நிக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் தொழிலில் எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று சுர்ரென்று ஏறிவிட்டது. கையில் இருந்த லென்ஸ் மூடியை வீசி எறிந்தேன். அவளைப் பார்த்து எறியவில்லை. ஆனால் அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய் பீரோக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது.

அவள் எழுந்து வந்தாள். இருபத்துநான்கு எழுபதை எடுத்து என் பைக்குள் வைத்தாள். நான் அதை வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டேன். அவள் மறுபடி வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி அதைப் பிடுங்கினேன்.

"பெரிய லென்ஸ் மட்டும் போதும்" என்றேன்.

"போதும்னா போதும். என் கைய விடுங்க" என்றாள். மணிக்கட்டைத் தடவிக்கொண்டு போய் மறுபடி தாள் முன்னால் உட்கார்ந்தாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த லென்ஸை நானே எடுத்துவைத்திருப்பேன். இதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அக்காவின் ஊரில் கடலுக்கு ஒரு வேலி உண்டு. சட்டத்தில் கரையிலிருந்து இத்தனை மைல் என்று இருக்கிறது, ஆனால் அதை யார் அளக்கப் போகிறார்கள்? பல வருடங்களுக்கு முன் இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து பேசி, தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஊர் மாதா கோயில் கோபுரத்தில் கடலைப் பார்த்தாற்போல மேலிருந்து கீழாக நான்கு ஜன்னல்கள் இருக்கின்றன. உச்சியில் குருசு. கடலில் நின்று கண்ணால் அந்த நான்கு ஜன்னலையும் எண்ண முடிந்தால் அது நாட்டுப்படகின் கடல். விசைப்படகு அங்கே மடி இறக்கக் கூடாது. எண்ண முடியாமல் கோபுரம் குச்சியாகத் தெரிந்தால் அது எல்லோருக்கும் பொது. தூத்துக்குடியிலிருந்து வருகிற விசைப்படகு டிரைவர்களுக்கும் இது தெரியும். அதை மீறினால் படகைப் பிடித்து இழுத்து வரலாம் என்பதும் தெரியும்.

அன்று ராத்திரியே அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் விடிந்தும் விடியாமலும் அத்தான் படகில் போனோம். நாங்கள் இருவர் மட்டும். கேமராவைப் பாலித்தீன் உறைக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கைபேசியை அக்கா வீட்டிலேயே விட்டிருந்தேன். அத்தானுடைய கைபேசி ஒரு பிளாஸ்டிக் உறையில் அவர் கழுத்தில் தொங்கியது. ரொம்ப தூரம் வெளியே போய், திரும்பிக் கரையைப் பார்த்தோம். எங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு விசைப்படகு மெதுவாக மடி இழுத்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் வெயில். படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

"அவன்தான்" என்றார் அத்தான். "அந்த நீலப் போட்டு. போன மாசம் என் வலையில ஏறுனது அவன்தான்னு நினைக்கேன்."

"நினைக்கியளா, தெரியுமா?"

"நீ எடு மாப்ள."

நான் கேமராவைத் தூக்குவதற்கு முன் கையை நெற்றியில் வைத்துக் கரையைப் பார்த்தேன். கோபுரம் ஒரு தீக்குச்சித் தலை அளவுக்குத் தெரிந்தது. ஜன்னலாவது ஒன்றாவது. குருசுகூடத் தெரியவில்லை. விசைப்படகு எங்களைவிடக் கரைக்குப் பக்கம்தான், ஆனால் அது நின்ற இடத்திலிருந்து பார்த்தாலும் எண்ண முடியாது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

"இவன் வெளியலா நிக்கான் அத்தான்."

"வெளியதான் நிக்கான். இன்னைக்கு நம்பரையும் மூஞ்சியையும் எடுத்து வச்சிக்குவோம். உள்ள வரும்போது பாத்துக்குவோம்."

இதைச் சொல்லும்போதே அவர் தன் கைபேசியில் அவர் பங்குக்கு ஒரு வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார். நான் அறுநூறில் வைத்து எடுத்தேன். நம்பர் தெரிந்தது. டிரைவரின் முகம் தெரிந்தது. பீடியைக் கடித்துக்கொண்டு வீல் பிடித்திருந்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். படகின் பின்னால் கோபுரம் வந்து நின்றது. அந்த லென்ஸின் குணமே அதுதான். பின்னால் எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் இழுத்து வந்து முன்னால் இருப்பதன் முதுகில் ஒட்டவைத்துவிடும். நான்கு ஜன்னலும் குருசும், குருசின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையும் பளிச்சென்று தெரிந்தன. படம் அருமையாக வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். வேறு ஒரு யோசனையும் வரவில்லை.

ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்தோம். அக்கா வீட்டு டி.வி.யில் மெமரி கார்டைச் செருகிப் படத்தைக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் போய் ஊர்க் கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்தும் பார்த்தார்கள்.

"நம்பர் என்ன துல்லியமாத் தெரியுது பாருலே! மாப்ள, நீதாம்லே ஆளு!"

தலைவர் அறுபது வயதுக்காரர். டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார். ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தார். விரல் படகில் இல்லை, படகுக்குப் பின்னால் கோபுரத்தில் இருந்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நாற்பது பேர், கடலையே கண்ணால் அளந்து பிழைக்கிறவர்கள், வாழ்நாளெல்லாம் அந்த ஜன்னல்களை எண்ணி எண்ணியே வீடு வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு அது படம் இல்லை, கடல். ஜன்னல் தெரிகிறது என்றால் படகு உள்ளே நிற்கிறது. அவர்களுக்கு வேறு கணக்கே கிடையாது.

"உள்ள நின்னு இழுக்கான், சவத்துப் பய!"

"கோயிலுக்கு நேரயே நின்னு இழுக்காம்லே. எம்புட்டுத் திமிரு!"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அசைவே இல்லை. பார்வையைத் திருப்பி டி.வி.யைப் பார்த்தார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்: இது லென்ஸ் இழுத்துக் காட்டுவது, அவன் வெளியே நின்றான். சொல்லவில்லை. ஏன் என்று பல தடவை என்னையே கேட்டுவிட்டேன். எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அது ஒரு காரணம். மணலில் உட்கார்ந்து அத்தான் அழுதது இன்னொரு காரணம். உண்மையைச் சொல்வதென்றால், எவனாவது ஒருத்தன் அதற்கு அடி வாங்க வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். இவன் இல்லாவிட்டால் இவனைப் போல ஒருத்தன். நாலு தட்டுத் தட்டி, மன்னிப்புக் கேட்கவைத்து அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயிலின் பங்குச் சாமியார் அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பாரோ என்னவோ. ஏழெட்டு நாட்டுப்படகுகள் புறப்பட்டன. நான் கரையில் நின்றேன். இரண்டு மணி நேரத்தில், உச்சிவெயிலுக்கு, அந்த நீலப் படகைச் சுற்றி வளைத்து இழுத்து வந்தார்கள். தூரத்திலேயே அதன் கண்ணாடி எல்லாம் உடைந்திருப்பது தெரிந்தது. உள்ளே ஐந்து பேர். நான்கு பேரைத் தண்ணீரில் தள்ளி, நடத்திக் கொண்டுவந்து ஏலக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். டிரைவரை மட்டும் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். நெற்றியில் கல் பட்டு ஒரு கண் மூடியிருந்தது. சட்டை இல்லை.

"ஐயா, நான் வெளியதான் நின்னேன். ஜி.பி.எஸ். மிஷின்ல போட்டு ஓடுன தடம் கோடா இருக்கும். அதப் பாருங்க. அதப் பாத்துட்டு என்ன வேணாலும் செய்யுங்க."

"ஜி.பி.எஸ்.ஸா? அது கடலுக்குள்ள கிடக்கு. முங்கிப் போய்ப் பாரு" என்று ஒருத்தன் சிரித்தான். அதைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தவன் அவன்தான்.

"படம் இருக்குலே! நாலு ஜன்னலும் தெரியுது! கேமரா பொய் சொல்லுமா?"

முதல் அடி கன்னத்தில். அதுகூடப் பரவாயில்லை என்று நின்றேன். பிறகு வயிற்றில் மிதித்தார்கள். அவன் மடங்கி விழுந்தான். விழுந்தவனைச் சுற்றிக் கூட்டம் மூடியது. எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. மணல் தெறித்தது. மீன் அடித்துக் கொல்லுகிற சத்தம் எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது மாதிரி ஒரு சத்தம் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. பெண்கள் "போதும்லே, போதும்லே, மாதாவே" என்று கத்தினார்கள். ஒருத்தன் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"வீல் புடிச்ச கைய நீட்டுலே! நீட்டு!"

இரண்டு பேர் அவன் வலது கையை இழுத்துப் படகின் விளிம்பில் வைத்து அழுத்தினார்கள். கம்பு மேலே போனது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அடிக்காதிய! அவன் வெளியதான் நின்னான்! அந்த லென்ஸ் கிட்ட இழுத்துக் காட்டும்! படத்துல தெரியுத மாதிரி இல்ல!"

கம்பு இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவன் கத்தியதுதான் கேட்டது. மறுபடி கம்பு மேலே போனது. நான் கூட்டத்துக்குள் பாய்ந்தேன். கம்பு பிடித்திருந்தவனின் தோளில் விழுந்து அவனைக் கீழே தள்ளினேன். யாரோ என் முதுகில் மிதித்தார்கள்.

"காசு வாங்கிட்டான்லே இவன்! தூத்துக்குடிக்காரன்லா, போட்டுக்காரனுக்குத்தான் பேசுவான்!"

"காலையில படத்தக் காட்டிட்டு இப்ப மாத்திப் பேசுத? யாரப் பைத்தியக்காரன்னு நினைச்ச?"

அவர்கள் கேட்டது நியாயம்தான். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன லென்ஸ் பையில் இருந்திருந்தால் அங்கேயே, கரையிலேயே, ஒரே கோபுரத்தை ஒரே இடத்தில் நின்று இரண்டு லென்ஸிலும் எடுத்துக் காட்டியிருப்பேன். கண்ணுள்ளவன் எவனும் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பான். என் கையில் இருந்தது அந்த ஒரே ஒரு இழவெடுத்த பறவை லென்ஸ்.

பிறகுதான் அத்தானின் கைபேசி ஞாபகம் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அதே பிளாஸ்டிக் உறை.

"அத்தான் வீடியோ எடுத்திருக்காரு! அதே நேரத்துல எடுத்தது! அதப் பாருங்க!"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் உறையைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

இருபது வருடமாக நான் "அத்தான்" என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷர். என் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டவர். நான் எழுந்து போய் அவர் வாயில் ஒரு குத்து விட்டேன். இரண்டாவது குத்தில் என் விரல் முட்டி கிழிந்தது, அவர் பல் ஒன்று மணலில் விழுந்தது. அவரும் சும்மா விடவில்லை. என் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் உருண்டோம். கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது அவர் தோலை அறுத்துக்கொண்டு அறுந்தது. அக்கா ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றி என் தலையிலும் முகத்திலும் மாறி மாறி அடித்தாள்.

"எங்கூடப் பொறந்தவன்னுதானலே கூப்பிட்டோம்! எவனோ ஒருத்தனுக்காக என் புருஷன் பல்லப் பேத்துட்டியேலே, எடுபட்ட பயலே!"

அடி வாங்கிக்கொண்டே கைபேசியைத் தலைவரிடம் எறிந்தேன். அவர் குனிந்து எடுத்தார். கூட்டத்தைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு வீடியோவைத் திறந்தார்.

அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. கடல். நடுவில் கொசு மாதிரி ஒரு படகு. ரொம்பப் பின்னால், நிற்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு, கோபுரம். தலைவர் கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். அவர் உதடு "ஒண்ணு" என்று ஆரம்பித்தது. இரண்டுக்குப் போகவில்லை. வீடியோவில் அத்தானின் குரல் தெளிவாகக் கேட்டது. "வெளியதான் நிக்கான்."

தலைவர் வீடியோவை நிறுத்தினார். கைபேசியை அக்கா கையில் கொடுத்தார்.

"போங்கலே" என்றார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கூட்டம் மெல்லக் கலைந்தது. கம்பு வைத்திருந்தவன் அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோய்க் கழுவினான். டிரைவரை மீன் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் தூக்கிப் போட்டார்கள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, உடைந்த கைக்குக் கீழே ஐஸ் பெட்டியின் மூடியை வைத்துப் பிடித்துக்கொண்டேன். தூத்துக்குடி வரும்வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தரப்புப் பெரியவர்களும் வந்து பேசி முடித்தார்கள். கடலில் வலை இழுக்கிற வின்ச்சில் கை மாட்டிக்கொண்டது என்று எழுதவைத்தார்கள். போலீசுக்குப் போனால் இரண்டு பக்கமும் பல மாதம் தொழிலுக்குப் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கைவரை கட்டு, விரல் நுனிகள் மட்டும் வீங்கிப்போய் வெளியே தெரிந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"வாங்க அண்ணாச்சி. ஏளா, யாரு வந்திருக்கா பாரு. அன்னைக்கு அடிக்காதியன்னு கத்துனாவன்னு சொன்னேம்லா, அந்த அண்ணாச்சி."

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"காப்பி போடுதேன், இருங்க" என்று உள்ளே போனாள்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"கம்பி வச்சிருக்காவ. ஆறு மாசம் ஆவுமாம். அதுக்கப்புறம் வீல் புடிக்க முடியுமா முடியாதான்னு அப்பந்தான் சொல்லுவாவளாம்." கட்டுப் போட்ட கையை மெல்ல மடியில் தூக்கி வைத்தான். "உங்க அத்தான் வலைய நான் தொட்டதே இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. இருட்டுல எவன் வலைன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு நான் வெளியதான் நின்னேன்."

"தெரியும்."

"நீங்க மட்டும் கத்தலைன்னா அடுத்த அடி தலையிலதான். இவ தினமும் கோயில்ல உங்களுக்காக மெழுகுதிரி ஏத்துதா. பேரு தெரியாது, அன்னைக்குக் காப்பாத்துன அண்ணாச்சின்னு சொல்லி ஏத்துதா."

பேசாமல் பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகத்தான் நினைத்தேன். சத்தியமாக அதுதான் என் நினைப்பு. அப்படியே போயிருந்தால் அந்த வீட்டில் நான் இன்றைக்கும் நல்லவன். ஆனால் மெழுகுதிரி என்று அவன் சொன்ன பிறகு அப்படிப் போக முடியவில்லை.

"எனக்கு முன்னாலயே தெரியும்" என்றேன். "டி.வி.யில எண்ணும்போதே தெரியும். நீ வெளிய நின்னத நான் என் கண்ணால பாத்தேன். படத்துல கிட்ட வந்தது லென்ஸால. அத நான் அப்ப சொல்லல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது. பிறகு கேட்டான்.

"அப்ப மணி என்ன இருக்கும்?"

"ஒம்போதரை."

"என்னையப் புடிச்சப்ப வெயிலு உச்சிக்கு வந்துட்டு" என்றான்.

"ஆமா."

கட்டிலிலிருந்து காலை இறக்கினான். எழுந்து நிற்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் தாங்கிப் பிடிக்கப் போகவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்று, இடது கையால் அறைந்தான். பழக்கமில்லாத கை. பாதி கன்னத்திலும் பாதி காதிலும் விழுந்தது. அடித்த வேகத்தில் அவனே தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். என்னை அடித்தவனைத் திருப்பி அடிக்காமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்னொன்று அடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் அடிக்கவில்லை.

சத்தம் கேட்டு அவன் மனைவி காப்பி டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாச்சு? ஏன் எந்திரிச்சிய?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் என்னைத்தான் பார்த்தான்.

"அவகிட்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றான்.

டம்ளரை வாங்காமல், நின்றபடியே, அவளிடமும் சொன்னேன்.